யாழ்ப்பாணத்து விடாய்

என் மகள் தண்ணீர் குடித்தே என் உயிரை வாங்கப் போகிறாள் என்று நான் வீடு முழுக்கக் கத்தித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்புத் தொடங்கியிருந்தாள். ஒஸ்லோ நகரத்து ஓரம், புருசெத்தில் எங்கள் மாடி வீட்டின் குளியலறைக் குழாயில் வாயை வைத்தாளென்றால் மூச்சு விட மட்டும்தான் நிமிருவாள். பிறகு கழிப்பறை. பிறகு திரும்பவும் குழாய். நகரத்துக்குப் போக ரயிலில் ஏறினால் பாதி வழியில் முகம் கறுத்து, "அம்மா, இறங்குவம்" என்பாள். இறங்கிக் கழிப்பறை தேடி ஓடுவோம். "வீட்டிலை போயிட்டு வெளிக்கிட்டிருக்கலாம்தானே?" என்று வழியெல்லாம் பேசுவேன். போயிட்டுத்தான் வெளிக்கிட்டிருப்பாள்.

என் கோபத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது எனக்கு மூக்கு நுனியில் இருக்கிறது. இந்த ஊர்க்காரர் குரலை உயர்த்தாமலே சண்டை பிடிப்பார்கள். இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்கு அந்த வித்தை கைவரவில்லை. பேருந்து ஓட்டுகிற என் கணவருக்கோ கோபமே வராது. "தண்ணி குடிக்கிறது நல்லதுதானே. கோலா குடிச்சால் பேசும்" என்று சொல்லிவிட்டுச் செய்தி பார்க்கப் போய்விடுவார். அதிலும் நியாயம் இருந்தது. குழாய்த் தண்ணீர் குடிக்கிற பிள்ளையைப் பற்றி ஒஸ்லோவில் யாரிடம் போய் முறையிடுவது?

வேறு சில விஷயங்களும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு சமாதானம் இருந்தது. முந்திய குளிர்காலத்து ஜக்கெட் அவளுக்கு இந்தக் குளிர்காலமும் அளவாக இருந்தது. மற்றத் தாய்மார் புது ஜக்கெட்டுக்குக் கடை கடையாக அலைய, நான் கெட்டிக்காரி மாதிரி இருந்தேன். வகுப்புத் தோழிகள் நெடுநெடுவென்று வளர்ந்து நிற்க, இவள் வகுப்புப் படத்தில் முன்வரிசைக்குப் போனாள். தகப்பன் வீட்டுப் பக்கம் எல்லோரும் கட்டை என்று சொல்லிக்கொண்டேன். மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிற என் மச்சாள், தன் மகளுக்கு மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு, அதாவது பூப்புச் சடங்கு, செய்து முடித்த கையோடு, தொலைபேசி எடுக்கிற நேரமெல்லாம் கேட்பாள்: "உங்கடை ஆள் இன்னும் பெரிய பிள்ளையாகேல்லையோ?" "வரேக்கை வரும்" என்று வெட்டிவிடுவேன். உள்ளுக்குள் எனக்கும் அந்தரமாகத்தான் இருந்தது.

கடைசியில் வகுப்பாசிரியை, பாட நேரத்தில் பிள்ளை அடிக்கடி வெளியே போகிறாள் என்று செய்தி அனுப்பினார். அதற்குப் பிறகுதான் குடும்ப வைத்தியரிடம் தொலைபேசிச் சந்திப்பு ஒன்று எடுத்தேன். எனக்கு நோர்வேஜியன் தெரியும். ஆனால் அது பாலர் பாடசாலையில் வேலை செய்து பழகிய நோர்வேஜியன். சப்பாத்தைப் போடு, கடிக்காதே, மூக்கைத் துடை, இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நோய் நொடி என்று வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டிருந்தேன். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் வேலையிடத்தில் உடை மாற்றுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தொலைபேசியில் வைத்தியரும் நானும், முகம் தெரியாத ஒரு தமிழ்ப் பெண்ணும். அவர் தமிழ்நாட்டுக்காரர் என்பது "சொல்லுங்க மேடம்" என்றபோதே தெரிந்துவிட்டது.

"பிள்ளைக்குச் சரியான விடாய்" என்றேன். "பகலிரவா விடாய். பள்ளிக்கூடத்திலையும் இருக்க ஏலாமல் எழும்பி எழும்பி ஓடுறாள்."

எங்கள் ஊரில் தண்ணீர்த் தாகத்துக்கு விடாய் என்றுதான் பெயர். தாகம் என்பது எனக்குப் புத்தகத்துச் சொல். தொண்டை வறண்டு நிற்கிறவளுக்கு அது வாயில் வராது.

"எப்ப இருந்துங்க?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"போன கோடை லீவிலை இருந்து."

"ரொம்ப அதிகமா இருக்கா?"

"அதைத்தானே சொல்லுறன். கட்டுப்படுத்தேலாது."

"டாக்டர் கேக்குறாங்க, சோர்வா இருக்காளா, முகம் வெளிறிப் போயிருக்கா?"

"ஓம். சரியான களைப்பு. பள்ளிக்கூடத்தாலை வந்தால் படுத்திடுவாள்."

அவர் நோர்வேஜியனில் கடகடவென்று கதைத்தார். என் காதால் அந்த வேகத்துக்கு ஓட முடியவில்லை. வைத்தியர் ஆறுதலான குரலில் ஏதோ சொன்னார். "இந்த வயசுல ஆரம்பத்துல இப்படித்தான் இருக்குமாம். போகப் போக சரியாயிடுமாம். ரத்தத்துல இரும்புச் சத்து பாக்கணுமாம்" என்று தமிழில் வந்தது. வளர்கிற வயதில் விடாய்க்கும் போல என்று நானும் நம்பினேன். இரும்புச் சத்து குறைவாகத்தான் இருந்தது. மாத்திரை தந்தார்கள். அந்த மாத்திரையை விழுங்குகிற சாட்டில் அவள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

குளிர்காலம் முழுக்க அப்படியே போனது. அதற்குள் அவள் கதவு நிலைகளில் இடிபடத் தொடங்கினாள். பக்கத்தில் வைத்த கோப்பையைத் தட்டிவிடுவாள். கைப்பந்து விளையாட்டில், பக்கத்தால் வருகிற பந்து தோளில் பட்ட பிறகுதான் திரும்பிப் பார்ப்பாள். விடிய எழும்பினால் தலையிடி. "எந்த நேரமும் போனுக்குள்ளை தலையை விட்டால் வேறை என்ன வரும்?" என்று போனைப் பறித்து வைத்தேன். ஒரு நாள் காலைச் சாப்பாட்டு நேரம், நான் ஆசையாக வைத்திருந்த கண்ணாடிச் சட்டியை மேசையிலிருந்து தட்டி விழுத்தினாள். நான் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டு துண்டுகளைக் கூட்ட, அவள் அழுதாள்.

"அம்மா, நான் வேணுமெண்டு செய்யேல்லை. அது அங்கை இருந்தது எனக்குத் தெரியேல்லை."

கைக்குப் பக்கத்திலேயே இருந்த சட்டி, சிவப்புச் சட்டி, அது எப்படித் தெரியாமல் போகும்? தும்புத்தடியை அப்படியே போட்டேன். வேலைக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டு, சந்திப்பும் எடுக்காமல், மொழிபெயர்ப்பாளரும் கேட்காமல், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே குடும்ப வைத்தியரிடம் போனேன். வரவேற்பில் இருந்த பெண் இன்றைக்கு நேரம் இல்லை என்றார். பரவாயில்லை, இருக்கிறேன் என்று சொல்லி இருந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்திருப்பார்கள். மத்தியானத்துக்கு முன்னமே உள்ளே விட்டார்கள்.

வைத்தியர் ஓய்வு பெறுகிற வயதை எட்டிய நோர்வேஜியப் பெண். மரியாதையானவர். இரத்தப் போக்கு இப்போது எப்படி என்று கேட்டார்.

"எந்த ரத்தம்?" என்றேன், என் பாலர் பாடசாலை நோர்வேஜியனில்.

மாதா மாதம் வருகிற இரத்தம் என்று அவர் விளக்கினார். மகள் காது சிவந்துபோய் நிலத்தைப் பார்த்தபடி, தனக்கு அது இன்னும் வரவே இல்லை என்று சொன்னாள். வைத்தியர் கணினியில் பழைய குறிப்பைத் திறந்து பார்த்தார். பிறகு வைத்தியர் மெதுவாகச் சொன்னார்: நீங்கள் முன்பு தொலைபேசியில் பிள்ளைக்கு மாதவிடாய் கட்டுக்கடங்காமல் போகிறது என்றுதானே சொன்னீர்கள்?

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. மாதவிடாய் என்ற சொல் எனக்கும் தெரியாதது இல்லை; பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் புத்தகத்தில் படித்த சொல். வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. தொலைபேசியில் இருந்த பெண்ணுக்கோ விடாய் என்றால் அது ஒன்றுதான். தண்ணீருக்கு அந்தச் சொல்லை அவர் வாழ்க்கையில் கேட்டிருக்க மாட்டார். நான் ஒன்று சொன்னேன், அவர் ஒன்று கேட்டார், வைத்தியருக்குப் போய்ச் சேர்ந்தது இல்லாத ஒரு நோய். இருக்கிற அறிகுறிகள் இரண்டையும் அந்த ஒரு சொல் விழுங்கிவிட்டது. பிள்ளை அளவு கணக்கில்லாமல் தண்ணீர் குடிக்கிறாள் என்பது போய்ச் சேரவில்லை. அவள் இன்னும் பெரிய பிள்ளையாகவில்லை என்பதும் போய்ச் சேரவில்லை.

மேசையில் இருந்த கடதாசிக் குவளையை எடுத்து வாயில் வைத்துக் காட்டினேன். "குடிக்கிறாள். குடிக்கிறாள், குடிக்கிறாள், குடிக்கிறாள். பிறகு ஓடுகிறாள்" என்றேன். இலக்கணம் எல்லாம் பறந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு நான் பேசிய நோர்வேஜியனைப் போல விளங்கக்கூடிய நோர்வேஜியனை நான் அதற்கு முன் பேசியதில்லை.

வைத்தியர் நாற்காலியை இழுத்து மகளுக்கு முன்னால் இருந்தார். தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல்களை ஆட்டிக்கொண்டு மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்தார். விரல் தெரிகிறபோது சொல்லு என்றார். எனக்குத் தெரிந்துகொண்டே இருந்த விரல்கள் அவளுக்குத் தெரியவில்லை. கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் "இப்ப" என்றாள். என் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் உலகம் இல்லாமல் போயிருந்தது. வைத்தியர் எழுந்து போய் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தார். இன்றைக்கே என்று அவர் சொன்னது எனக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே விளங்கியது.

அன்று பின்னேரமே தலையைப் படம் எடுத்தார்கள். பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரியில் எங்களைப் பொறுப்பெடுத்த வைத்தியர் உயரமான, மெல்லக் கதைக்கிற மனிதர். எந்த நேரமும் கம்பளிக் காலுறையும் மரச் செருப்புமாகத் திரிவார். ஒரு தாளில் தலையொன்றைக் கீறிக் காட்டினார். கண் நரம்புகள் இரண்டும் குறுக்கே வெட்டிப் போகிற இடத்தில், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அதற்குக் கீழே தொங்குகிற சின்னச் சுரப்பிதான் உடம்பை வளரச் சொல்வது, பெண்பிள்ளையைப் பெண்ணாகச் சொல்வது, தண்ணீரை உடம்பில் பிடித்து வைக்கச் சொல்வது. மூன்று கட்டளைகளும் அறுந்துவிட்டன. குடிக்கிற தண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது; அதனால்தான் இந்த விடாய். கட்டி இன்னும் பெருத்தால் பார்வை முழுதாகப் போகும். என்ன வகைக் கட்டி என்பதைப் பொறுத்து உயிரும் போகலாம். அதை அவர் நேராகத்தான் சொன்னார். அவர் நேராகச் சொன்னது எனக்குப் பிடித்தது.

நாக்குக்குக் கீழே வைக்கிற சின்ன வில்லை ஒன்றை மகளுக்குக் கொடுத்தார்கள். தண்ணீரைப் பிடித்து வைக்கிற கட்டளையை அந்த வில்லை உடம்புக்குச் சொல்லுமாம். அடுத்த நாள் மத்தியானம் தாதி பழச்சாறு கொண்டுவந்து நீட்டினார். "வேண்டாம், எனக்கு விடாய்க்கேல்லை" என்றாள் மகள், தமிழும் நோர்வேஜியனும் குழம்பிப்போய். ஏறத்தாழ ஒரு வருடத்துக்குப் பிறகு என் பிள்ளை ஒரு குவளையைத் திருப்பி அனுப்பினாள். நான் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். அது சந்தோஷத்தில் அழுதது.

இனி எங்களோடு விபரமாகக் கதைக்க வேண்டும் என்று ஒரு நேரம் குறித்தார்கள். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் நேரில் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். பருத்திச் சல்வார், மேலே தடித்த ஸ்வெட்டர். "வணக்கம்ங்க" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை கொதித்தது.

"நீங்கள்தானே டெலிபோனிலை கதைச்சது?" என்றேன். "விடாய் எண்டு நான் சொன்னதை என்னெண்டு விளங்கினீங்கள்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். முகம் மாறியது. "மாதவிடாய்ங்க... இல்லையா?"

"தண்ணி. தண்ணி விடாய். நான் தண்ணிக்கு அழுதுகொண்டிருக்க நீங்கள் என்ரை பிள்ளைக்கு இரும்பு மாத்திரை வாங்கித் தந்திருக்கிறியள்."

"இஞ்சேரும், விடும்" என்று கணவர் என் கையைப் பிடித்தார். நான் விடுகிற நிலையில் இல்லை. அந்தப் பெண் வைத்தியரிடம் திரும்பி நோர்வேஜியனில், முன்பு தொலைபேசியில் மொழிபெயர்த்தது நான்தான், ஒரு சொல்லைப் பிழையாக எடுத்துவிட்டேன், அதைத் திருப்பிக் கேட்டு உறுதி செய்யவில்லை, குடும்பம் விரும்பினால் வேறு ஆளைக் கேட்கலாம் என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். இந்த முறை ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

வேறு ஆள் வேண்டுமா, அப்படியென்றால் நாளைக்குத்தான் கதைக்கலாம் என்று வைத்தியர் என்னைப் பார்த்தார். கணவர் தலையாட்டத் தொடங்கினார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கொதி இன்னும் அடங்கவில்லை. ஆனால் இனி ஒரு சொல்லும் தவற விடாத ஆள் இந்த ஒஸ்லோவில் ஒருத்தர் இருக்கிறார் என்றால் அது இவர்தான் என்று பட்டது.

"இவவே இருக்கட்டும்" என்றேன். "ஆனால் ஒண்டு. விளங்காத சொல்லைத் திருப்பிக் கேளுங்கோ. விளங்கின சொல்லையும் திருப்பிக் கேளுங்கோ."

"சரிங்க அக்கா" என்றார். மேடம் போய் அக்கா வந்துவிட்டது.

கேட்டார், அப்படிக் கேட்டார். வைத்தியர் தாங்கள் சந்தேகிக்கிற கட்டியின் பெயரைச் சொல்ல, என் கணவர் அதற்கு முன்னமே போனில் ஆங்கிலத்தில் தேடி, அதில் 'ஜேர்ம்' என்று இருந்ததைப் பார்த்திருந்தபடியால், "இது கிருமியாலை வாறதுதானே? கிருமியெண்டால் அன்ரிபயோட்டிக் குடுத்தால் போயிடும்" என்று தெம்பாகச் சொன்னார். பாவம், அந்தக் கிருமியைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு நாளாக அவர் சாப்பிட்டிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். வைத்தியரிடம் ஏதோ கேட்டார். திரும்பவும் கேட்டார்.

"அது கிருமி இல்லைங்க. முளை. விதைக்குள்ள இருக்குமே, அந்த முளை."

"முளையோ, மூளையோ?" என்றேன்.

"முளை. மூளைக்குள்ள முளை."

அந்த நிலைமையிலும் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வைத்தியர் சிரிப்பு எதற்கென்று கேட்க, அதையும் மொழிபெயர்த்தார்கள். பிறகு அவர் விளக்கினார். குழந்தை வயிற்றில் உருவாகிறபோது, பின்னாளில் கரு முட்டையாகப் போகிற செல்கள் உடம்புக்குள் ஊர்ந்து தங்கள் இடத்துக்குப் போகும். சில செல்கள் வழி தவறித் தலைக்குள் தங்கிவிடும் என்று நினைக்கிறார்கள். வருடக்கணக்காகச் சும்மா கிடந்துவிட்டுப் பிள்ளை வளர்கிற வயதில் முளைக்கத் தொடங்கும். என் வயிற்றுக்குள் இருக்கும்போதுதானே வழி தவறியது, நான் ஏதும் பிழையாகச் செய்தேனா என்று கேட்டேன். இல்லை, யாரும் எதையும் செய்து இதை வரப்பண்ணவும் முடியாது, தடுக்கவும் முடியாது என்றார். அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொன்னார்.

அதற்குப் பிறகு வைத்தியர் இரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வசனம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, வைத்தியரிடம் அனுமதி கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, அடுத்தது முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் கோவப்படாம கேளுங்க. முடிஞ்சப்புறம் கோவப்படுங்க."

அந்த வகைக் கட்டிகளில் சில, கர்ப்பிணிகளின் உடம்பில் சுரக்கிற ஹோர்மோனைச் சுரக்குமாம். அதை இரத்தத்திலும் முதுகுத் தண்டு நீரிலும் தேடுவார்களாம். இருந்தால் அது கட்டி சுரந்தது, வேறு ஒன்றுமே இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பிள்ளைக்குக் கர்ப்ப ஹோர்மோன் இருக்கிறது என்று யாராவது மொட்டையாக என்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குக் கூரை இருந்திருக்காது. என் கணவர் மெல்ல, "நல்ல பிள்ளை, வடிவாச் சொல்லுறா" என்றார்.

பரிசோதனையில் அந்த ஹோர்மோன் கொஞ்சம் இருந்தது. இருந்தால் கெட்ட வகை என்று சொல்லியிருந்த இன்னொரு புரதம் இல்லை. தலையில் சின்னத் துளையொன்று போட்டுக் கட்டியில் ஒரு நுள்ளு எடுத்துப் பார்த்தார்கள். அந்த முடிவு வருகிற வரைக்கும் நான் கும்பிடாத தெய்வம் இல்லை. முடிவோடு வந்த வைத்தியர் கதவைத் திறக்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். தலைக்குள் ஒரு கட்டி வந்தே தீர வேண்டும் என்றால் நான் இதைத்தான் கேட்டு வாங்குவேன் என்றார். மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் கரைந்து போகிற வகை. பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகச் சுகமாகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லத் தொடங்கி, பாதியில் கண்ணைத் துடைத்தார். மொழிபெயர்க்கிறவர்கள் அழக்கூடாது என்பது சட்டமாம். "மிச்சத்தைச் சொல்லீட்டு அழுங்கோ, தங்கச்சி" என்றேன். நானும் அழுதேன்.

மருந்து ஏற்றிய மாதங்களை நான் பெரிதாக்க விரும்பவில்லை. கஷ்டம்தான். அந்த மருந்துகளோடு நிறையத் தண்ணீர் ஏற்ற வேண்டும். வில்லையோ தண்ணீரைப் பிடித்து வைக்கும். கொஞ்சம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. தாதிமார் உடம்பில் ஏறியதையும் வெளியே போனதையும் அளந்தபடி இருப்பார்கள். பேருந்து ஓட்டி முடித்த இடத்தில் நின்று என் கணவர் தொலைபேசி எடுத்து, சாப்பிட்டாளா என்று கேட்பதில்லை, "எவ்வளவு போனது?" என்றுதான் கேட்பார். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் மூத்திரம்தான் முக்கிய செய்தி. தலைமயிர் கொட்டியபோது அவள் அழவில்லை. தன் தகப்பனின் வழுக்கையைத் தடவி, "இப்பதான் அப்பான்ரை பிள்ளை மாதிரி இருக்கிறன்" என்றாள். மச்சாள் ஒவ்வொரு ஞாயிறும் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து இடியப்பமும் சொதியும் கொண்டுவருவாள். பெரிய பிள்ளையாகிவிட்டாளா என்று அவள் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. சொதியைப் பிள்ளையைவிடப் பக்கத்துக் கட்டில் பையனின் நோர்வேஜியத் தகப்பன்தான் அதிகம் குடித்தார்.

கடைசி மருந்து ஏறி முடிந்து திரும்பவும் படம் எடுத்தார்கள். வைத்தியர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். முந்திய படத்தில் நெல்லிக்காய் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கணவர் எழுந்து கிட்டப் போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். வேறு யாருடையதோ படத்தைப் போட்டுவிட்டார்களோ என்று என் காதுக்குள் கேட்டார்.

இனித்தான் கதிர் என்றார் வைத்தியர். எனக்குப் பழையபடி ஏறிவிட்டது. "இல்லாத கட்டிக்கு ஏன் கதிர்?" மொழிபெயர்ப்பாளர் வைத்தியரின் பதிலைக் கேட்டு, அதைச் சரியாகச் சொல்லிவிட்டு, தன் பங்குக்கு ஒன்று சேர்க்கலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கோரைக்கிழங்கு மாதிரிங்க அக்கா. மேல புல்ல புடுங்கிட்டோம். மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம கிடக்கும்." ஊரில் தோட்டம் செய்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முகத்துக்கு அளவாக ஒரு வலை முகமூடி செய்து, அதை மேசையோடு பூட்டி, வாரக்கணக்காகக் கதிர் கொடுத்தார்கள். பாட்டுப் போடலாம் என்று சொன்னபடியால் அவள் தன்னிடமிருந்த குத்துப் பாட்டெல்லாவற்றையும் கொண்டுபோனாள். கதிர் கொடுக்கிற அறையிலிருந்து வருகிற மேளச் சத்தத்துக்கு வெளியே இருந்த நோர்வேஜியர் காலாட்டினார்கள்.

அடுத்த வசந்த காலத்தில் ஒரு நாள் ரயிலில் என் பக்கத்தில் இருந்தாள். முன்னால் ஒரு பெடியன் காலை இருக்கையில் தூக்கிப் போட்டிருந்தான். நான் அவனைப் பார்த்து முழுசினேன். மகள் நேரே பார்த்தபடியே, "அம்மா, கண்ணை உருட்டாதேங்கோ. எனக்கு இஞ்சாலை தெரியுது" என்றாள். அவள் தலையைத் திருப்பவே இல்லை. பக்கத்தால் தெரிந்திருக்கிறது. நான் அந்த இடத்திலேயே அவளைக் கட்டிப் பிடித்துக் கொஞ்ச, அவள் வெட்கத்தில் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கப் பார்த்தாள்.

அந்தச் சுரப்பி மட்டும் திரும்ப எழும்பவில்லை. அது செய்கிற வேலையை இனி மருந்துதான் செய்ய வேண்டும். வில்லை ஆயுளுக்கும். வளர ஊசி. பெண்ணாக, தோலில் ஒட்டுகிற ஒட்டு. ஜக்கெட் ஒரே குளிர்காலத்தில் கையேறிப் போனது. பிறகு ஒரு நாள், எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறதும் வந்தது. மண்டபம் எடுப்போமா என்று கேட்டேன். "மருந்துக் கடையாலை வாங்கின சாமத்தியத்துக்கு மண்டபமோ, அம்மா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விடவில்லை. வீட்டிலேயே மச்சாளும் அந்த மொழிபெயர்ப்பாளர் தங்கச்சியுமாகச் சேர்ந்து தண்ணி வார்த்துப் பட்டுடுத்தி ஆரத்தி எடுத்தோம். மருந்தால் வந்தால் என்ன, பிரார்த்தனையால் வந்தால் என்ன, என் பிள்ளைக்கு வந்தது.

போன வருடம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கடைசிப் படமும் கடைசிச் சந்திப்பும். பதினெட்டு என்றால் இந்த நாட்டில் தாய் வெளியேதான். பிள்ளை கூப்பிட்டால் மட்டும் உள்ளே போகலாம். அவள் என்னைக் கூப்பிடவில்லை. "நான் கதைச்சுப் போட்டு வாறன்" என்று போய்விட்டாள். நான் நடைபாதைக் கதிரையில் இருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய் வெளியே வந்தார்கள். இவ்வளவு நேரம் என்ன கதை? நல்லதென்றால் ஒரு நிமிடத்தில் சொல்லி அனுப்ப மாட்டார்களா? கட்டி திரும்ப முளைத்துவிட்டது என்று என் மனம் முடிவே கட்டிவிட்டது. கதவைத் தட்டப் போகிற நேரம் கதவு திறந்தது.

"ஒண்டும் இல்லை. கிளீன்" என்றாள். "இனி இஞ்சை வரத் தேவையில்லையாம். பெரிய ஆக்களின்ரை ஆஸ்பத்திரியிலை ஹோர்மோன் டொக்டரிட்டை மட்டும் போனால் காணும்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "அதைச் சொல்ல ஏனடி இவ்வளவு நேரம்? நான் இஞ்சை செத்துப் போனன்."

"நான்தான் அவரிட்டை ஒண்டு கேட்டனான். அவர் படம் கீறி விளங்கப்படுத்தினவர்."

"என்ன கேட்டனீ?"

"எனக்குப் பிள்ளை பிறக்குமோ எண்டு."

அவள் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ஏதோ பேருந்து நேரம் சொல்கிறவள் மாதிரிச் சொன்னாள்: "ஓமாம். ஊசியும் உதவியும் வேணுமாம், ஆனால் பிறக்கும் எண்டு நம்பலாமாம்."

உயிரோடு இருந்தால் போதும் என்று நான் ஒரு காலம் அழுது கேட்ட பிள்ளை, தனக்குப் பின்னால் வருகிற பிள்ளையைப் பற்றி விசாரித்துக்கொண்டு வருகிறாள்.

"முதல் படிச்சு முடி" என்றேன்.

எல்லாத் தாய்மாரும் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறதுதான். எனக்கும் சொல்லக் கிடைத்தது.